சாவிக் கவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். என் கோபம் என் வீட்டுக் கதவுக்குள் பேசாமல் படுத்துத்தான் கிடக்கும். யாராவது அந்தக் கதவுக்குள் மூக்கை நுழைத்தால்தான் எழுந்து வரும். அப்படி மூக்கை நுழைத்த ஒரு விதியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வீட்டுக்கும் தெரிந்துபோன பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. எங்களுடையது மூன்றாம் மாடியில், லிஃப்டை விட்டு வந்தால் இடது பக்கம் இரண்டாவது கதவு. என் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும் சேர்த்துப் பதிவு செய்தோம். வாங்கிய அன்றே உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினர். இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்தோடு நாத்தனார் வருவதுபோல வீட்டோடு சங்கம் வந்துவிட்டது. கூடவே ஒரு விதிப் புத்தகம், முப்பத்தொரு விதிகள். பால்கனிக் கம்பிக்கு மேலே துணி தெரியக் கூடாது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை சுவரில் துளை போடக் கூடாது. செருப்பை நடைபாதையில் விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். செருப்பு விதியை மீறினவர்களை நானே பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் மருந்துச் சீட்டிலிருந்து பேருந்து விளம்பரம் வரைக்கும் பிழை பார்ப்பார். விதிப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து, நாற்பத்து மூன்று இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, நேரே செயலாளர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சண்டை வரும் என்று நான் வாசலில் காத்திருந்தேன். செயலாளரோ காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் திருத்திய புத்தகம் வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர்கள்.

செயலாளர் பெரிய தேர்வுகளுக்கு மேற்பார்வை பார்த்தே தலை நரைத்தவர். யாரைப் பார்த்தாலும் சட்டைக் கைக்குள் பிட் வைத்திருக்கிறார்களா என்று தேடுகிற கண். நான் அவருக்கு வைத்த பெயர் விதி. அவர் எதிரே வந்தால், "விதி வருது, வழி விடுங்க" என்று வீட்டுக்காரரின் விலாவில் இடிப்பேன். இவர் சிரிக்காமல் சிரிப்பார்.

முப்பத்திரண்டாவது விதி வந்தது ஒரு குழாயால். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தபோது சமையலறைக் குழாய் வெடித்து, கீழ் வீட்டுக் கூரை முழுக்க ஊறிப்போனது. கதவை உடைக்கலாமா கூடாதா என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில் ஒரு முழுப் பகல் போயிற்று. அதனால் செயலாளர் ஒரு யோசனை கொண்டுவந்தார். ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு மாற்றுச் சாவியைக் கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, கேர்டேக்கரிடம் கொடுக்க வேண்டும். கவர்கள் அலுவலக அறையில் இரும்புப் பெட்டியில் இருக்கும். உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும், செயலாளரும் இன்னொரு உரிமையாளரும் பக்கத்தில் நிற்கப் பிரிக்கலாம்.

நல்ல விதிதான். இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் நான் ஆடின ஆட்டம் வேறு.

ஏன் ஆடினேன் என்றும் சொல்ல வேண்டும். இந்த வீடு வாங்குவதற்கு முன்னால் பதினேழு வருடம் வாடகை வீடுகளில் இருந்தோம். கடைசி வீட்டின் சொந்தக்காரர் தன்னிடம் ஒரு சாவி வைத்திருந்தார். ஒருநாள் காய்ச்சல் என்று வேலையிலிருந்து பாதியில் திரும்பினேன். கதவைத் திறந்தால் அந்த மனிதர் என் படுக்கையறையில், என் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாராம். அலமாரிக்குள் என் உள்ளாடைகள்தான் இருந்தன. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற நான் அன்றைக்கு வாயடைத்து நின்றேன். அந்த வெட்கம் இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். சொந்த வீடு வாங்கியபோது சுவருக்கு வர்ணம் பூசுவதற்கு முன்னால் பூட்டை மாற்றினேன்.

அந்தப் பூட்டின் சாவியைப் பெட்டியில் போடு என்றால்? வாக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு. எங்கள் வாக்கை நான்தான் போட்டேன். பதினைந்துக்கு ஒன்று என்று தோற்றேன். காரணம் என்ன என்று செயலாளர் பணிவாகத்தான் கேட்டார். அத்தனை பேர் நடுவில் அலமாரிக் கதையையா சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக, "என் வீட்டுச் சாவிக்கு நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் ஒரு கவரை எடுத்தேன். அதற்குள் எங்கள் பழைய சூட்கேஸின் சாவியைப் போட்டேன். சுண்டு விரல் அளவுகூட இல்லை. வெளியே தடவிப் பார்த்தால் தெரியாதபடி அட்டை ஒன்று வைத்து, ஒட்டி, மேலே பட்டா பத்திரத்துக்குப் போடுவதுபோல நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டு, கேர்டேக்கர் கையில் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கிப் பெட்டியில் வைத்தார். படி ஏறும்போது எனக்குள் அப்படி ஒரு குஷி. ஐம்பத்து நான்கு வயசுக்காரி செய்கிற வேலையா அது?

இரண்டு மாதம் கழித்துக் கொழுந்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். சூட்கேஸைப் பூட்ட வேண்டும், சாவி எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டார். தொலைந்துபோனது என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அச்சுத் தாளில் பிழை கண்ணில் பட்டால் பார்க்கிற பார்வை. அப்புறம் "சரி" என்று சொல்லிவிட்டுக் கயிறு எடுத்துக் கட்டினார்.

அதற்கப்புறம் இரண்டு வருடம். ஒவ்வொரு பொதுக் கூட்டத்திலும் முப்பத்திரண்டாம் விதியை எடுக்க வேண்டும் என்று எழுந்து பேசுவேன். செயலாளர் கைகட்டிக் கேட்பார். குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். வாட்ஸ்அப்பில் எனக்கு அவர் தினமும் விதி அனுப்புகிறார் என்று அவர் எண்ணையே தடுத்து வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. நான் திரைச்சீலை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிறேன். பதினொரு மணிக்குத் தேநீர் இடைவேளை, அந்த நேரத்துக்குச் சரியாக வீட்டுக்காரர் போன் வரும். அவருக்குச் சர்க்கரை. காலையில் ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிட்டாரா, அளவு எவ்வளவு என்று நான் கேட்பேன். பத்திரிகையில் எத்தனை பிழை என்று அவர் சொல்வார். ஏழு வருடமாக இதுதான் எங்கள் பேச்சு. அன்றைக்குப் பதினொன்றேகால் ஆயிற்று, போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கிறவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வந்த பேருந்தில் ஏறினேன். வீட்டுக்கு நாற்பது நிமிடம். கேர்டேக்கரைக் கூப்பிட்டு, போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள் என்றேன். அவர் மூன்றாம் மாடிக்குப் போய், போனைக் காதில் வைத்தபடியே தட்டினார். அந்தத் தட்டல் எனக்கும் கேட்டது. பதில் இல்லை. பிறகு என்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார்.

"கவலைப்படாதீங்கக்கா. அதான் உங்க சாவிக் கவர் இருக்குல்ல. செயலாளரைக் கூப்பிட்டுத் திறந்துடறேன்."

வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடக்கிறாரோ. இந்தப் பக்கம் இவர்கள் சாட்சியெல்லாம் கூட்டி, மரியாதையாகக் கவரைப் பிரித்து, சூட்கேஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கப் போகிறார்கள். அந்தப் பூட்டு நானே தேடி வாங்கின பூட்டு. உடைக்க முடியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பூட்டு. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவரையல்லவா சுடப் போகிறது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்போதுதான் நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது.

கேர்டேக்கரைத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செயலாளரைத்தான் பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில்தான் அவரைக் கூப்பிடத் தெரியும், அங்கே அவர் எண் தடுப்பில் கிடந்தது. அதை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது; தடுத்ததே பட்டறையில் ஒருத்தி சொல்லிக் கொடுத்து. தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் போனை நீட்டி, "இந்த விதின்னு இருக்கிற ஆளை வெளிய விடும்மா" என்று கெஞ்சினேன். அவள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

முதல் தடவை அவர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது?

"ஐயா, அந்தக் கவர்ல இருக்கிறது வீட்டுச் சாவி இல்ல. சூட்கேஸ் சாவி. வீம்புக்குப் போட்டுட்டேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கதவை உடைச்சுடுங்க."

அவர் குரல் மெதுவாக வந்தது.

"கதவை ஏம்மா உடைக்கணும்? நான் உங்க படுக்கையறையிலதான் உட்கார்ந்திருக்கேன். அவர் தலை என் மடியில இருக்கு. சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும்போல. கண்ணைத் திறந்துட்டார், கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறார். ஆம்புலன்ஸ் கீழ வந்துடுச்சு. நீங்க பதறாம வாங்க."

எப்படி உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். சாவி போட்டுத்தான் என்றார். மற்றதை அப்புறம் பேசலாம் என்றார்.

ஒரு வேற்று மனிதர் என் படுக்கையறையில் இருக்கிறேன் என்று சொல்கிறார். இதைக் கேட்கக் கூடாது என்றுதான் நான் பூட்டு மாற்றினேன், கூட்டத்தில் கத்தினேன், கவரில் பொய்யை வைத்து ஒட்டினேன். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த பெண் என் முதுகைத் தடவினாள். சூட்கேஸ் கிடைச்சுடுச்சா அம்மா என்று பின் இருக்கைப் பெரியவர் கேட்டார். கிடைத்துவிட்டது ஐயா என்றேன்.

நான் போய்ச் சேரும்போது வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் ஊசிக் குழாயோடு. ஆம்புலன்ஸ்காரர்கள் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கதையே வேறு என்று அதில் ஒருவர் சொன்னார். பத்து நிமிடம். மேசையில் காலை உணவு மூடி வைத்தபடியே இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு பத்திரிகையை எடுத்திருக்கிறார், தலைப்பிலேயே பிழை, அதை ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்திருக்கிறார். பிழை உயிரைக் குடிக்கப் பார்த்திருக்கிறது. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

செயலாளர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருடைய செருப்பு நடைபாதையில் கிடந்தது. விதிப் புத்தகத்தையே எழுதின மனிதர் அவசரத்தில் எங்கேயோ உதறிவிட்டு ஓடி வந்திருக்கிறார். நான் அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

மருத்துவமனையில் ஒருநாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட வைத்து, அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படிங்க அவங்களுக்குச் சாவி கிடைச்சது?"

"முப்பத்திரண்டாம் விதியைச் சரியாப் படிச்சியா நீ?" என்றார். "ஒவ்வொரு வீடும்னு இல்ல. ஒவ்வொரு உரிமையாளரும்னு இருக்கு. இந்த வீட்டுக்கு ரெண்டு பேரு."

நாற்பத்து மூன்று பிழை பார்த்த கண் அதை மட்டும் வட்டம் போடாமல் விட்டிருக்கிறது. சூட்கேஸ் சாவி தொலைந்தது என்று நான் சொன்ன வாரமே தன் சாவியை நகல் எடுத்து, தன் பெயரில் ஒரு கவர் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டால் சொல்லியிருப்பேன் என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலை எங்கள் வீட்டின் சரியான சாவியைப் புதுக் கவரில் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்கு இறங்கினேன். ஒட்டவில்லை, அவர்கள் கண்ணுக்கு முன்னால் ஒட்டலாம் என்று. செயலாளரும் கேர்டேக்கரும் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. வாடகை வீட்டையும் அலமாரியையும் அந்த மனிதரையும் சொன்னேன். யாரிடமும் முழுசாகச் சொல்லாததை, விதி என்று பெயர் வைத்த ஆளிடம் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, பெட்டிக்கு ரெண்டு பூட்டுப் போட்டு ஒண்ணை உங்க கையிலயே கொடுத்திருப்பேனே" என்றார்.

பிறகு கேர்டேக்கர் இரும்புப் பெட்டியைத் திறந்து என் பழைய கவரை எடுத்துக் கொடுத்தார். என் நீளமான கையெழுத்து கலையாமல் இருந்தது. யாரும் அதைத் தொட்டுப் பிரிக்கவில்லை. அன்றைக்குக்கூட என் கவரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த கவரைத்தான் நேரே எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் என் கவரில் என்ன இருந்தது என்று முன்பே தெரியுமா என்று கேட்டேன். கேர்டேக்கர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சாவிப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

எங்கள் வீட்டு எண்ணுக்கு இரண்டு வரி. முதல் வரியில் என் பெயர், தேதி. இரண்டாவது வரியில் என் வீட்டுக்காரர் பெயர், தேதி. குறிப்பு என்ற கட்டத்தில் அவருடைய பொடி எழுத்து, ஒரு பிழை இல்லாமல்:

'அவசரத்துக்கு இதைத் திறக்கவும். என் மனைவியின் கவரைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். கோபம் தீர்ந்ததும் சரியான சாவியை அவளே கொண்டுவந்து கொடுப்பாள்.'

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கத்தினபோதெல்லாம் இந்த வரி இந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. கைகட்டிக் கேட்ட செயலாளருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் கதவு திறந்துவிட்ட கேர்டேக்கருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தார், அதனால்.

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். அவர் எழுதினதற்குக் கீழே, கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், 'கொடுத்துவிட்டேன்' என்று எழுதிச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் என் பக்கம் திருப்பினார்.

"தேதி போடணும்மா" என்றார். "விதி இருக்கு."

போட்டேன்.